கூத்துக் கொப்பி உதவி: 1603 கதையில் பறங்கிக் கைதிகளை எங்கே அடைப்பது, என்ன கொடுப்பது?

களரிக்கொப்பி:
வணக்கம். ஒரு புது வடமோடிக் கொப்பி (மட்டக்களப்பு நாட்டுக்கூத்து வகை ஒன்றுக்கான பிரதி) எழுதி முடியும் நிலையில் இருக்கு. கதை, 1603இல் மட்டக்களப்பில் ஒல்லாந்த (டச்சு) தளபதி செபால்ட் டி வீர்ட் கொல்லப்பட்ட சம்பவம். அவர் பிடித்த பறங்கிக் (போர்த்துக்கேயர்) கப்பல்களும், பிறகு விட்டுவிட்ட கைதிகளும்தான் சண்டைக்கு வித்து என்று படித்ததால், கைதிகளையே நடுக்கதையாக்கி இருக்கு.

இப்போதைய ஒழுங்கு இப்படி: கப்பல் பிடிபடுகிறது, கைதிகளை மட்டக்களப்புக் கோட்டையின் நிலவறையில் சங்கிலியில் பூட்டுகிறார்கள், பட்டினி போடுகிறார்கள், பிறகு கண்டி மன்னன் விமலதர்மசூரியனின் வரவு, வாக்குவாதம், கொலை. கடைசியில் இக்காலக் கைதி ஒருவன் வந்து “எனக்கு என்ன உரிமை?” என்று கட்டியகாரனிடம் (வரவுகளை அறிவித்துப் பகிடி பண்ணும் பாத்திரம்) கேட்கும் ஒரு சின்னக் காட்சி.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. நிலவறையும் சங்கிலியும் சரியா? பிடிபட்டவனை விட்டதற்காக ஒரு மன்னன் இவ்வளவு கோபப்படுவானா? சாப்பாடு என்ன கொடுத்திருப்பார்கள்? கடைசிக் காட்சிக்கு இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

வாவிக்கரை:
முதல் வேலையாக நிலவறையை வெட்டுங்க அண்ண. புளியந்தீவில் இருக்கிற கோட்டையைப் பறங்கியர் கட்டியது 1628இல். உங்கள் கதை நடக்கும்போது அங்கே ஒரு கல் கூட இல்லை. ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638 மே மாதம், வெஸ்டர்வோல்ட் தலைமையில், இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து. 1603இல் டி வீர்ட்டின் கைதிகள் இருந்திருக்கக்கூடிய ஒரே இடம் கப்பல்தான்.

இரண்டாவது, அவர்களை யாரும் பட்டினி போடவில்லை. கதையே அங்கேதான் இருக்கு. டி வீர்ட் நாலு பறங்கிக் கப்பல்களைப் பிடித்தார். அதில் இருந்தவர்கள் உயிருக்கு உத்தரவாதம் கேட்டுத்தான் பணிந்தார்கள், அவரும் கொடுத்தார், வாக்குப்படி போகவிட்டார். ஐரோப்பியக் கடற்சண்டையில் அது வழக்கம். சரணடைந்தால் உயிர் மிஞ்சும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த கப்பல் கடைசிக் குண்டு வரை சுடும், இரண்டு பக்கமும் சேதம். ஆக அது இரக்கம் மட்டுமில்லை, கணக்கும்தான்.

மன்னனின் கணக்கு வேறு. கூட்டாளி பிடித்த எதிரி தனக்கும் உரியவன் என்பது அவன் நினைப்பு. 1594இல் தந்துறையில் பறங்கிப் படையை அழித்தபோது உயிரோடு பிடிபட்டவர்களைக் கண்டியில் கட்டட வேலைக்கு விட்டவன் அவன். கைதி என்றால் அவனுக்குக் கொத்தனார், பீரங்கிக்காரன், துப்பாக்கி திருத்துபவன், கொழும்பில் மாட்டிக்கொண்ட தன் ஆளுக்கு மாற்று. அவ்வளவையும் ஒல்லாந்தன் சும்மா அவிழ்த்து விட்டான். அதுக்கும் மேலே, விட்டவர்கள் நேரே பறங்கியரிடம் போய்ச் சேர்வார்கள், அப்படியானால் இவன் யார் பக்கம் என்ற சந்தேகம். கோபத்துக்கு அது போதாதா?

இன்னொன்றும் கொப்பியில் வர வேண்டும். அவன் பட்டத்து அரசி குசுமாசன தேவி, பறங்கியர் சொன்ன பேர் தோனா கத்தரீனா, அவளே அவர்கள் காவலில் மன்னாரில் வளர்ந்தவள். அவளை 1594இல் கண்டிக்கு அரசியாகக் கொண்டுவந்தது பேதுரு லோப்பஸ் டி சௌசாவின் படை. அந்தப் படை தோற்றதும் அவள் கைமாறினாள், இவன் மணம் முடித்தான், சிம்மாசனத்துக்கு உரிமை வந்தது. ஒரு கைதியைக் கையில் வைத்திருப்பது ஒரு நாட்டின் உறுதிப் பத்திரத்தையே கையில் வைத்திருப்பது மாதிரி என்று அவனுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

கொலைக் கட்டத்தில் ஒரு நுணுக்கம். மன்னன் சொன்னது “இந்த நாயைக் கட்டு” என்பதுதான் என்று ஒல்லாந்தர் பக்கக் கதை. கட்டப் போனவர்கள் வெட்டிவிட்டார்கள், கரையில் நின்ற ஏறக்குறைய 50 ஒல்லாந்தரும் செத்தார்கள். டி வீர்ட் குடித்திருந்தார், அரசியைப் பற்றித் தகாத பேச்சுப் பேசினார் என்றும் சொல்வார்கள். நீங்கள் எதை எடுத்தாலும் “கட்டு” என்ற ஆணையை விட்டுவிடாதீங்க. கைதிகளை விட்டவன் தானே கைதியாகப் போகிற கணம் அது.

பழங்கணக்கு:
வாவிக்கரை சொன்னது சரி. கண்டி அரசில் கைதியை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு மிக நுட்பமான சாட்சி ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ். காலம் 57 ஆண்டு பிந்தியது, மன்னனும் வேறு, ஆனால் மலைநாட்டு முறை என்ன என்று பிடிபடும். 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்துக் கொட்டியாரத்தில் தகப்பனோடும் மாலுமிகளோடும் பிடிபட்டவர், 1679இல் தப்பிப் போனவர். ஏறத்தாழ 20 ஆண்டு. அவ்வளவு காலத்தில் அவரை அடைத்த மறியல்வீடு என்று ஒன்று கிடையாது.

முறை இது. பிடிபட்டவர்களை ஒன்றாக வைப்பதில்லை. ஊருக்கு ஒருவர், இருவராகப் பிரித்து விடுவார்கள், அதிலும் ஒரு ஊரில் இருப்பவன் அடுத்த ஊர்க்காரனை லேசில் சந்திக்க முடியாத தூரத்தில். சாப்பாடு கொடுப்பது ஊர்க் கடமை, வீட்டு முறைப்படி. ஆளைத் தவறவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் ஊர்தான். ஆக சங்கிலிக்குப் பதில் நூறு கண்கள். அரசனுக்கு ஒரு சதமும் செலவில்லை, ஊருக்குத்தான் பாரம். சனங்கள் முணுமுணுத்துக்கொண்டே சோறு போட்டார்கள்.

நொக்ஸின் தகப்பன் ஓராண்டுக்குள் காய்ச்சலில் போய்விட்டார். உங்கள் கூத்தில் யாரும் சாக வேண்டுமென்றால் பட்டினியை விடக் காய்ச்சல்தான் நம்பும்படி இருக்கும்.

சாப்பாட்டில் ஒரு சுவையான விஷயம். முதலில் சமைத்த சோறுதான் வந்தது. பிறகு கைதிகள் பச்சையாகத் தா என்று கேட்டு அரிசியாக வாங்கப் பழகினார்கள். சமைத்த சோற்றில் மிச்சம் பிடிக்க முடியாது, அரிசியில் பிடிக்கலாம். மிச்ச அரிசி கையில் முதலாகும். நொக்ஸ் நூல் தொப்பி பின்னி விற்றார். தொப்பிக்கு விலை விழுந்ததும் நெல்லு வட்டிக்குக் கொடுத்தார். வருடத்துக்கு நூற்றுக்கு 50 வட்டி, அதாவது ஒரு மரைக்கால் கொடுத்தால் விளைச்சலில் ஒன்றரை மரைக்கால் திரும்பும். சிலர் சாராயம் வடித்து விற்றார்கள், பலர் அங்கேயே பெண் எடுத்துப் பிள்ளை குட்டியோடு ஊன்றிவிட்டார்கள். நாலைந்து வருடத்தில் காவலிருந்தவனே கைதியிடம் கடன்பட்டு நிற்கிறான். கட்டியகாரனுக்கு இதைவிட நல்ல பகிடி கிடைக்காது.

அப்படியானால் தப்பிப் போவதில் என்ன கஷ்டம்? வழிதான் கஷ்டம். நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கணவாயிலும் முள் படல் போட்டுக் காவல் இருக்கும். போக வர வேண்டுமானால் களிமண்ணில் பதித்த முத்திரை காட்ட வேண்டும். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி வைத்த ஆள் உருவம், கூலிக்காரனுக்குக் காவடித் தண்டில் இரண்டு பொதி தூக்கிய உருவம், வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் இடுப்பில் வாளும் உள்ள உருவம். எழுத்து வாசிக்கத் தெரியாத காவற்காரனும் ஆளையும் களிமண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவான். இதைக் களரியில் காட்டுவது மிகச் சுலபம், ஒரு உள்ளங்கை அளவு களிமண் பில்லை போதும்.

நொக்ஸ் தப்பியது ஓடி அல்ல. தோழன் ஒருவனோடு பண்டம் விற்கும் வியாபாரியாக வருடக்கணக்கில் வடக்கே போய்ப் போய் வந்து, அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு முகம் பழக்கிவிட்டு, கடைசியில் அனுராதபுரத்துக்கு அப்பால் மல்வத்து ஓயாக் கரையைப் பிடித்து, மன்னார்ப் பக்கத்து அரிப்பு என்ற ஊரில் இருந்த ஒல்லாந்தக் கோட்டையில் போய் ஏறினார். ஆற்றைப் பிடித்தால் வழி தவறாது, தண்ணிக்கும் பஞ்சமில்லை. அதே ஆறு யானைக்கும் வழி என்பது மட்டும் கஷ்டம்.

சம்மாந்துறை நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கண்டி முறையைச் சொன்னீங்க, அதை உலக வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் கொப்பிக்கு உதவும்.

பழங்காலத்தில் பிடிபட்டவனுக்கு நாலே வழி: கொலை, அடிமை வேலை, மீட்புப் பணம், ஆளுக்கு ஆள் மாற்று. எந்த வழி என்பதைக் கருணை தீர்மானித்ததை விட, பிடித்தவன் கையில் சோறும் காவலும் எவ்வளவு இருந்தது, பிடிபட்டவனுக்குப் பின்னால் பணம் உள்ள உறவு இருந்ததா என்பதுதான் அதிகம் தீர்மானித்தது. பிரெஞ்சு அரசன் இரண்டாம் ஜான் 1356இல் இங்கிலாந்தாரிடம் பிடிபட்டபோது பேசிய மீட்புப் பணம் 30 இலட்சம் பொன் நாணயம். அதைக் கட்டி முடிக்கும் வரை பணயமாக வைத்த மகன் ஓடிவிட, அரசனே வாக்குக்காக லண்டனுக்குத் திரும்பிப் போய் 1364இல் அங்கேயே இறந்தான். அவன் இருந்தது மாளிகையில், வேட்டையும் விருந்துமாக. அவன் படையில் பிடிபட்ட ஏழை அம்பெய்பவனுக்கு அந்தக் கதியில்லை.

மறுபக்கத்துக்கு சிசிலித் தீவின் சிரக்கியூஸ் நகரம். கி.மு. 413இல் அங்கே தோற்றுப் பிடிபட்ட ஏதன்ஸ் படையினர் ஏறக்குறைய 7000 பேரைக் கற்குழியில் இறக்கினார்கள். கூரை கிடையாது, பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவனும் இருப்பவனும் ஒரே இடம். ஒருவனுக்கு ஒரு நாளைக்குத் தானியம் இரண்டு கோத்திலே, தண்ணீர் ஒன்று. ஒரு கோத்திலே கால் லீற்றர்வரை. ஆக அரை லீற்றர் தானியமும் கால் லீற்றர் தண்ணியும். வெயில் காயும் கல்லுக்குழியில் கால் லீற்றர் தண்ணி என்றால் என்ன ஆகும் என்று நம் ஊர் வயற்காரனுக்குச் சொல்லத் தேவையில்லை. பசியும் தாகமும் சேர்ந்தே வாட்டின. 70 நாளுக்குப் பிறகு மற்றவர்களை விற்றுவிட்டு, ஏதன்ஸ்காரரையும் அவர்களோடு சேர்ந்த சிசிலி, இத்தாலிக் கிரேக்கரையும் மட்டும் எட்டு மாதம் இதே அளவில் வைத்திருந்தார்கள்.

நபியின் படை மக்காக்காரரை வென்ற பத்ருப் போர் (கி.பி. 624) வேறு மாதிரி. பிடிபட்டவர்கள் ஏறத்தாழ 70 பேர். இவர்களையும் ஓரிடத்தில் அடைக்கவில்லை, நபித்தோழர்களின் வீடுகளுக்குப் பங்கிட்டார்கள். ரொட்டி கைதிக்கு, பேரீச்சம்பழம் வீட்டுக்காரனுக்கு. மதீனாவில் பேரீச்சை மலிவு, கோதுமைதான் அருமை, அதனால் இது பெரிய விஷயம். மீட்புப் பணம் வசதியைப் பார்த்து 1000 முதல் 4000 திர்ஹம் வரை. பணம் இல்லாத, எழுதத் தெரிந்தவன் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் விடுதலை. கைதிக்கு உணவளிப்பது குர்ஆன் 76:8இலும், சண்டை முடிந்தபின் சும்மா விடுவதோ மீட்புப் பணம் வாங்கி விடுவதோ என்பது 47:4இலும் வருகிறது.

உங்கள் டி வீர்ட் கைதிகளைப் பணமில்லாமல் விட்டது மன்னனுக்கு ஏன் உறுத்தியிருக்கும் என்று இப்போ விளங்கும். நாலு கப்பல் ஆட்களின் மீட்புப் பணம் சின்னத் தொகையா?

கல்லடி:
நம் பக்கத்து உவமானம் வேண்டுமானால் புறநானூறு 74. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான், காவலர் தாமதித்துக் கொடுத்தார்கள், குடிக்காமல் உயிர் விட்டான் என்று பாட்டின் அடிக்குறிப்பு. களவழி நாற்பது பற்றிய மரபோ, பொய்கையார் பாடி அவனை மீட்டார் என்கிறது. இரண்டையும் ஒரே தருவில் (கூத்துப் பாட்டில்) போட்டுக் குழப்பாதீங்க. தண்ணீர் என்றதும் மேலே நானா சொன்ன கால் லீற்றர் ஞாபகம் வருகிறது. கைதிக்கதை எங்கே போனாலும் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

பெண் கைதிகளையும் ஒரு வரியில் தொடுங்க. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் (பிடித்துக் கொண்டுவந்த பெண்கள்) பொதுவிடம் மெழுகி விளக்கேற்றுகிறார்கள். சோழர் கல்வெட்டில் வேளம் என்று இப்படிப்பட்ட பெண்களுக்குத் தனிக் குடியிருப்பே வருகிறது. மீட்புப் பணம், மாற்று எல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கு. பெண்கள் திரும்பி வந்த கதை குறைவு.

அரச கைதிக்கு இன்னொரு பாதை, நாடு கடத்தல். யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியனைப் பறங்கியர் 1619இல் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் படிப்பணத்தோடு இருந்து 1832இல் இறந்தான்.

சட்டக்குறிப்பு:
கடைசிக் காட்சிக்கு வருவம். “எனக்கு என்ன உரிமை?” என்று கேட்கிறவன் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்க, மற்றதெல்லாம் அதில்தான் நிற்கும்.

இரண்டு நாடுகளுக்கு இடையே நடக்கும் போரில் பிடிபட்ட சிப்பாய் என்றால் 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை. அவன் சொல்ல வேண்டியது பேர், பதவி, பிறந்த திகதி, படை இலக்கம், அவ்வளவுதான் (உறுப்புரை 17). அதுக்கு மேல் வாய் திறக்க வைக்க அடிக்கவோ மிரட்டவோ கூடாது. அவமதிப்பிலிருந்தும் வேடிக்கை பார்ப்பவர்களிடமிருந்தும் காக்க வேண்டும் (13), ஆகவே இன்று கைதியை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் போடுவதே மீறல். முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு “பிடிபட்டேன்” என்று அட்டை அனுப்ப விட வேண்டும் (70). மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நாலு அட்டை (71). சார்ஜனுக்குக் கீழ்ப்பட்டவனுக்கு மாதம் 8 சுவிஸ் பிராங்க் முற்பணம் (60), வேலை செய்தால் முழு நாளுக்குக் குறைந்தது கால் பிராங்க் (62). 1949இல் எழுதின தொகை, அப்படியே கிடக்குது. தப்பியோடிப் பிடிபட்டால் ஒழுக்காற்றுத் தண்டனைதான் (92), அதுவும் 30 நாளைத் தாண்டாது (90). சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் ஊருக்கு அனுப்ப வேண்டும் (118). மீட்புப் பணம் கேட்பதற்கு இங்கே இடமே இல்லை.

ஆனால் ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டை என்றால் இந்த வசதி எதுவும் அவனுக்கு வராது. போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது, உள்நாட்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம். மிஞ்சுவது 1949இன் நாலு ஜெனீவா உடன்படிக்கைக்கும் பொதுவான உறுப்புரை 3: ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, பணயமாகப் பிடிக்காதே, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே, காயப்பட்டவனுக்கு மருந்து கொடு. அரச படைக்கும் எதிரில் நிற்கும் இயக்கத்துக்கும் ஒரே அளவு. இலங்கை இந்த உடன்படிக்கைகளை 1959இல் ஏற்றது, உள்நாட்டுச் சட்டமாக்கியது 2006இல்தான்.

எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை முதல் வகை உரிமையை இரண்டாம் வகைக் கைதியின் வாயில் வைப்பது. நம் கிழக்கில் பார்வையாளர் அதை உடனே பிடித்துவிடுவார்கள். 1990 ஜூனில் சரணடைந்த பொலிசாரை நூற்றுக்கணக்கில் புலிகள் கொன்றார்கள். அதே வருடம் செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் இருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டுக்கும் பொருந்துவது உறுப்புரை 3 தான், இரண்டிலும் அது மீறப்பட்டது. காட்சியை அந்தப் பக்கமாக எழுதுவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. எழுதினால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதாதீங்க.

களரிக்கொப்பி:
எல்லாருக்கும் நன்றி. நிலவறை போச்சு, கப்பலும் ஊர்வீடும் வருது. சமைக்காத அரிசி, தொப்பி, வட்டி எல்லாம் கட்டியகாரனுக்கு. கடைசிக் காட்சியை உறுப்புரை 3க்கு மாற்றுவம். இன்னும் ஒன்று: டி வீர்ட்டைக் கட்டும் இடத்தில் கையை முன்னால் கட்டுவதா, பின்னால் கட்டுவதா? நெடுஞ்சேரலாதன் யவனரைக் கைபின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றினான் என்று பதிற்றுப்பத்தில் வருகிறதே.

மத்தளக்கட்டு:
தம்பி, பதிகம் சொல்வது சரி, களரிக்கு அது வேண்டாம். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். பின்னால் கட்டினால் முன்னுக்கு இருக்கிறவர்களுக்குக் கட்டே தெரியாது, ஆட்டத்தில் கையும் செத்துப்போகும், கால் இடறினால் ஊன்றக் கையில்லாமல் முகம் அடிபடும். முன்னால், நெஞ்சுக்கு நேரே கட்டுங்க. ஒவ்வொரு திரும்பலிலும் ஒரு பக்கத்தார் பார்ப்பார்கள்.

கதைப்படி கட்டு முடிய முன்னமே வெட்டு விழுகிறது. ஆகவே சேவகர் இருவர் கயிற்றோடு போய் ஒரு சுற்று மட்டும் போட்டால் காணும். மன்னன் “கட்டு” என்ற பிறகு மறுகா ஒரு சொல்லும் பேசக்கூடாது. வெட்டச் சொன்னானா இல்லையா என்பதைச் சனம் தங்களுக்குள் வாதாடட்டும்.

ஒல்லாந்தனுக்குக் கரப்புடுப்பு (வளையம் வைத்த அகன்ற கூத்துடை) கொடுக்காதீங்க, அந்த வளையத்தோடு இரண்டு பேர் கிட்டப் போய்க் கட்ட முடியாது. அவனுக்குக் காற்சட்டையும் தொப்பியும் போதும், மன்னனுக்கு மட்டும் கரப்புடுப்பு.

கயிறு தும்புக்கயிறு வேண்டாம், மணிக்கட்டைத் தோலுரிக்கும். மூன்று முழம் பருத்தித் துணியை முறுக்கி எடுங்க. ஒரு நுனியை இழுத்தால் அவிழும் சுருக்கு முடிச்சாகப் போட்டு, அந்த நுனியை ஆடுபவனின் விரலுக்குள் கொடுத்துவிடுங்க. ஒத்திகையில் காய்ந்த துணியோடு மட்டும் பழகினால் பிழைக்கும். விடியச்சாமத்தில் வியர்வையில் நனைந்த பருத்தி இறுகிப் பிடிக்கும், ஆகையால் நனைத்த துணியோடும் அவிழ்த்துப் பார்த்துக்கொள்ளுங்க.